1943 ஃபோர்டு ஜிபிடபிள்யூ ஜீப்: ஐந்து சக்கரம், மூன்று வகை. எது அசல்?

சட்டம்43:
வண்டி 1943 ஜிபிடபிள்யூ. சேஸிஸ் எண்ணும் முன்பக்க ஒன்பது துளை கிரில்லும் ஒத்துப்போகின்றன. சக்கரங்கள்தான் குழப்பம். இரண்டில் விளிம்பைச் சுற்றி எட்டு நட்டு இருக்கிறது. மூன்று ஒரே வார்ப்பு போல முழு டிஸ்க். அதில் ஒன்று மட்டும் கண்ணுக்கே ஒடுக்கமாகத் தெரிகிறது. ஐந்துமே ஹப்பில் சரியாக உட்காருகின்றன, எல்லாவற்றிலும் ராணுவப் பச்சை. எவை அசல் என்று எப்படி உறுதிசெய்வது? இன்னொன்று: இடப்பக்க நட்டுகள் அசையவே மறுக்கின்றன.

நெம்புகோல்:
முதலில் இடப்பக்கம். நீளமான குழாயைச் செருகி இழுத்துவிடாதீர்கள். அந்தப் பக்க ஸ்டட்கள் (நட்டு ஏறும் மரைத்தண்டுகள்) இடமரை, வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். வழக்கம்போல இடஞ்சுழியாகத் திருப்பத் திருப்ப இன்னும் இறுகும், கடைசியில் ஸ்டட் முறியும்.

"ஹப்பில் உட்காருகிறது" என்பது எதையும் நிரூபிக்காது. 5.5 அங்குல வட்டத்தில் ஐந்து துளை, அதாவது 5 x 139.7 மி.மீ., போர்க்கால ஜீப்பிலும் உண்டு, பிறகு வந்த சிவிலியன் சிஜே-க்களிலும் உண்டு, சுசுகி சாமுராயிலும்கூட உண்டு. ஐந்து துளைச் சக்கரத்தில் எதிரெதிர்த் துளை கிடையாது. அதனால் அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மையத் தூரத்தை அளவிடுங்கள். 82 மி.மீ. என்றால் வட்டம் சரி. 67 வந்தால் அது 4.5 அங்குல வட்டம், வேறு வண்டியுடையது.

பிரித்துக் காட்டுவது அகலம். டயரின் பீட் (ரிம்மில் படியும் தடித்த ஓரம்) உட்காரும் இரண்டு உள்சுவர்களுக்கு இடையே அளக்க வேண்டும், வெளி உதட்டிலிருந்து வெளி உதடு வரை அல்ல. டயர் மாட்டியிருந்தால் வெளி அளவை எடுத்து ஏறக்குறைய ஒரு அங்குலம் கழியுங்கள், தோராயமாகத்தான் வரும்.

4.00 x 16 முழு டிஸ்க்: 1941 கடைசியிலும் 1942 தொடக்கத்திலும் வந்த ஆரம்ப ஜீப்களுடையது. வில்லிஸ் நிறுவனம் கட்டிய, கம்பிப் பட்டை கிரில் வைத்த வண்டிகளில் பார்ப்பது இதைத்தான்.
4.50 x 16, எட்டு நட்டு, இரண்டு பாதி: காம்பாட் ரிம். உங்கள் 1943 வண்டிக்கு உரியது, ஸ்டெப்னி உட்பட ஐந்துமே.
4.50 x 16 முழு டிஸ்க்: போருக்குப் பிந்தையது. சிஜே-2ஏ-வாக இருக்கலாம், 1950 முதல் வந்த ராணுவ ஜீப்பான எம்38-ஆகவும் இருக்கலாம்.

கடைசி வகையைப் பிரிக்க, டிஸ்க்கின் பின்பக்கம் ஒரு நாணய அளவுக்கு அடுக்கடுக்காகப் பெயின்ட்டைச் சுரண்டுங்கள். ஈரமாக்கி 400-ஆம் எண் உப்புத்தாள் போட்டால் வளையம் வளையமாக அடுக்குகள் தெரியும். ஆரம்ப சிஜே-2ஏ-க்களில் பச்சை உடலுக்கு மஞ்சள் சக்கரம், பழுப்பு உடலுக்குச் சிவப்புச் சக்கரம் வந்தன. ஒரு எச்சரிக்கை: ரெட் ஆக்சைடு பிரைமரைப் பார்த்து "சிவப்பு கிடைத்தது" என்று ஏமாறாதீர்கள். பிரைமர் பளபளப்பில்லாமல் நேரே இரும்பின் மேல் ஒட்டியிருக்கும்.

எட்டாவதுநட்டு:
காம்பாட் ரிம்மைக் கழற்றுமுன் இதைப் படியுங்கள். நடுவில் உள்ள ஐந்து நட்டு சக்கரத்தை ஹப்போடு பிடிக்கிறது. விளிம்பில் உள்ள எட்டும் ரிம்மின் இரண்டு பாதிகளைப் பிடிக்கிறது. டயரில் காற்று இருக்கும்போது அந்த எட்டைத் தளர்த்தினால் வெளிப்பாதி குண்டு மாதிரி பறக்கும். ஆள் உயிர் போகும்.

வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுசா விடுங்க. காற்று நின்றதும் துளைக்குள் ஒரு கம்பியை விட்டு அடைப்பு இல்லை என்று பாருங்க, துரு அடைத்துக்கொண்டு காற்று தீர்ந்த மாதிரி காட்டும். சக்கரத்தை ஹப்பிலிருந்து எடுத்துத் தரையில் படுக்க வைத்து, எட்டையும் குறுக்கு முறையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்க. ஒன்றையும் முழுசாக எடுக்காமலே பீட்டை விடுவிச்சிட்டு, அப்புறம்தான் நட்டைக் கழற்றணும்.

உள்ளே இரும்பு வளையம் ஒன்று இருந்தால் அது பீட்லாக், டயரின் பீட்டை ரிம்மோடு பிடித்து வைப்பது. குப்பையில் போட்டுடாதீங்க, ரிம்மைவிட அதைத் தேடுவது கஷ்டம்.

பார்க்க வேண்டியவை: பாதிகள் சேரும் முகத்தில் துருக்குழி, எட்டுத் துளை ஓரங்களில் மயிரிழை விரிசல், ஹப் நட்டு உட்காரும் கூம்பு முட்டை வடிவமாகத் தேய்ந்திருப்பது. விரிசலோ முட்டைக் கூம்போ இருந்தால் வெல்டு வைக்க நினைக்காதீங்க, சுவரில் மாட்ட வேண்டியதுதான்.

சட்டம்43:
அளந்தேன். ஒடுக்கமானது 102 மி.மீ. மற்ற இரண்டு முழு டிஸ்க்கும் 114. பச்சைக்கு அடியில் பளபளப்பான மஞ்சள். எட்டு நட்டு இரண்டும் 114. அதில் ஒன்றில் தயாரிப்பாளர் முத்திரை எதுவும் தென்படவில்லை.

நெம்புகோல்:
அப்படியானால் 102 ஆரம்ப ஜீப் சக்கரம். உங்கள் வண்டிக்கு ஆகாது, ஆனால் கம்பிப் பட்டை கிரில் வண்டி வைத்திருப்பவர் அதற்காக அலைவார். காம்பாட் ரிம்முக்கு மாற்றிக்கொள்ளப் பாருங்கள். மஞ்சள் இரண்டும் சிஜே-2ஏ. ஓட்டத்துக்குக் குறையொன்றும் இல்லை, மறுசீரமைப்புக்குத்தான் பொருந்தாது. மேலும் மூன்று காம்பாட் ரிம் தேவை.

துருவேட்டை:
முத்திரை இல்லாததால் மட்டும் அதைப் புதிய நகல் என்று தள்ள வேண்டாம். மேலோட்டமான எழுத்துகளைத் துரு தின்றுவிடும். மணல் வீச்சுக்கு முன் கம்பி பிரஷால் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். வீச்சு கொடுத்தபின் தேடினால் இருந்ததும் போயிருக்கும். தகட்டுத் தடிமனையும் வளைவுகளையும் முத்திரை உள்ள ரிம்மோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது இன்னும் நம்பகமானது.

பெயின்ட்டில் பலரும் சறுக்குவது கூம்பு இருக்கையில். அங்கே பவுடர் கோட்டிங் தடிமனாக ஏறினால், ஓட ஓட அது நசுங்கி நட்டு தளரும். கூம்பையும் ஹப்பில் படியும் முகத்தையும் மறைத்துவிட்டு அடியுங்கள். முதல் 50 கிலோமீட்டரில் ஐந்து நட்டையும் மறுபடி இறுக்குங்கள்.

டயர் 6.00-16, டியூபோடு. இரண்டு பாதி ரிம்மில் காற்றை அடைக்க எதுவும் இல்லாததால் டியூப்லெஸ் நடக்காது. டியூபுக்கும் ரிம் இணைப்புக்கும் நடுவே ரப்பர் ஃபிளாப் போடாவிட்டால் அந்த விளிம்பு டியூபை அறுக்கும். காற்றழுத்தம் 35 பிஎஸ்ஐ, அந்தக் கால வண்டிகளில் 'டிபி 35' (டயர் பிரஷர்) என்று எழுதியிருந்தது அதற்குத்தான்.