பாம்புத் தொட்டிக்கு வெப்பம்: தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட் போதுமா?

கேள்வி: சுருள்வால்

வணக்கம். இன்னும் ஒரு வயது நிரம்பாத பந்து மலைப்பாம்பு ஒன்று அடுத்த மாதம் என் பொறுப்பில் வரவிருக்கிறது. அது வருவதற்குள் வெப்ப அமைப்பை முடித்துவிட விரும்புவதால் இப்போதே கேட்கிறேன். என்னிடம் இருப்பது 90 செ.மீ. நீளமுள்ள கண்ணாடித் தொட்டி. மேலே உலோகக் கம்பிவலை மூடி. முன்பு வேறொருவர் பல்லி வளர்த்த தொட்டி என்பதால், அடியில் ஒட்டிய ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் தட்டையான விரிப்பு), மின்சாரத்தில் சூடாகும் செயற்கைப் பாறை, சிவப்பு விளக்கு, உட்சுவரில் ஒட்டும் முள் வெப்பமானி ஆகியவையும் அதனுடன் கிடைத்தன. வெப்பத்தை அளந்து சூடேற்றியைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லை.

ஹீட் மேட்டை ஒரு பகல் முழுவதும் ஓடவிட்டுப் பார்த்தேன். முள் வெப்பமானி 28 பாகை செல்சியஸைத் தாண்டவில்லை. 32 பாகை வேண்டும் என்று படித்திருப்பதால், இரண்டாவது மேட் ஒன்று வாங்குவதா, அல்லது தெர்மோஸ்டாட் வாங்குவதா என்பது என் முதல் ஐயம். இரவில் சிவப்பு விளக்கை எரியவிடலாமா என்பது அடுத்தது. பகலில் வீட்டில் யாரும் இருக்க மாட்டோம்; ஆளில்லாத வீட்டில் சூடேற்றி ஓடிக்கொண்டிருப்பதை எண்ணினால் அச்சமாகவும் இருக்கிறது.

பதில்: செதில்தடம்

இரண்டாவது மேட் வேண்டாம். முதலில் தெர்மோஸ்டாட், அதன் பிறகுதான் மற்றவை.

உங்கள் முள் வெப்பமானி காட்டிய 28 பாகை, அது ஒட்டப்பட்டிருக்கும் உயரத்தில் உள்ள காற்றின் வெப்பம் மட்டுமே. இவ்வகை வெப்பமானிகள் அதையும் சில பாகை பிழையோடுதான் காட்டும். ஹீட் மேட் காற்றைப் பெரிதாகச் சூடாக்குவதில்லை, தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பைத்தான் சூடாக்குகிறது. ஆகவே சுவரில் 28 என்று காட்டும் அதே நேரத்தில், பாம்பின் வயிறு படியும் கண்ணாடித் தளம் 45 பாகையைக் கடந்திருக்கவும் கூடும். துப்பாக்கி வடிவில் வரும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை வாங்கி, தொட்டியைத் திறந்து, மேட்டுக்கு நேர் மேலே உள்ள தளத்தை அளந்து பாருங்கள். வெளியிலிருந்து கண்ணாடி வழியாக அளக்காதீர்கள். அந்தக் கருவி கண்ணாடியை ஊடுருவிப் பார்க்காது, கண்ணாடியின் வெப்பத்தையே காட்டும்.

தளம் சுட்டால் பாம்பு தானே நகர்ந்துகொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். அது நிச்சயமில்லை. சுற்றியுள்ள காற்று குளிர்ந்திருக்கும்போது, உடலின் மொத்த வெப்பம் போதாத பாம்பு, வயிற்றுச் செதில்கள் வெந்துகொண்டிருந்தாலும் சூடான தளத்தை விட்டு அகலாமல் கிடக்கக்கூடும். வளர்ப்புப் பாம்புகளுக்கு வயிற்றில் தீக்காயம் ஏற்படுவது இப்படித்தான். இத்தனைக்கும் பந்து மலைப்பாம்பின் உதட்டோரக் குழிகள் இருளில் ஓர் எலியின் உடல்வெப்பத்தை உணரக்கூடியவை. இரையைக் கண்டறியும் அந்தப் புலனை நம்பித் தளத்தின் சூட்டை அளவின்றி விட்டுவிட முடியாது.

பாம்பு தன் உடல்வெப்பத்தை இடம் மாறி மாறித்தான் சீர்செய்துகொள்கிறது என்பதால், தொட்டி முழுவதும் ஒரே வெப்பம் இருப்பது நல்லதன்று. இந்த இனத்துக்குச் சூடான பக்கத்தில் தளத்தின் வெப்பம் 31 முதல் 33 பாகை வரையிலும், குளிர்ந்த பக்கம் 24 முதல் 27 பாகை வரையிலும் இருந்தால் போதும். இரு பக்கங்களிலும் உடல் நெருக்கமாக அடங்கும் மறைவிடம் ஒவ்வொன்று வையுங்கள். மறைவிடம் குளிர்ந்த பக்கத்தில் மட்டும் இருந்தால், கூச்ச சுபாவமுள்ள இந்தப் பாம்பு வெப்பத்தைத் துறந்து அங்கேயே பதுங்கிவிடும்; உண்டது செரிக்காமல் கக்குவதற்கும், சளிபிடித்து மூச்சுத் திணறுவதற்கும் அது வழிவகுக்கும்.

சூடாகும் பாறையை உங்கள் தொட்டியிலோ வேறு எந்த ஊர்வனவின் தொட்டியிலோ வைக்க வேண்டாம். அதன் பரப்பில் ஓரிடம் வெதுவெதுப்பாகவும் இன்னோரிடம் கொதிப்பாகவும் இருக்கும். பாம்பு சுற்றிக்கொண்டு படுப்பது அதன் மீதேதான். சிவப்பு விளக்கும் தேவையில்லை. அந்த ஒளி பாம்புக்குத் தெரியாது என்பது பழைய நம்பிக்கை; இரவு இருளாகவே இருக்கட்டும்.

பதில்: ஈயக்கம்பி

பாம்பைப் பற்றி மேலே உள்ளவர் எழுதிவிட்டார். மின்சாரப் பக்கத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் உங்கள் மூன்றாவது ஐயம்தான் மூன்றிலும் முக்கியமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

தெர்மோஸ்டாட் வாங்கியதோடு கவலை தீர்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள், அதுவும் ஒரு நாள் பழுதாகும். சூடேற்றியை முழுதாக இயக்கி முழுதாக நிறுத்தும் மலிவான ஆன்-ஆஃப் வகையில், உள்ளே இருக்கும் ரிலே என்னும் மின்விசையின் முனைகள் ஒட்டிக்கொண்டால் சூடேற்றி நிற்காமல் ஓடும். ஆகையால் எந்தச் சூடேற்றியையும் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: கட்டுப்பாடு முழுவதும் போய்விட்டால் இது தொட்டியை எவ்வளவு சூடாக்கும்? பாம்பு வருவதற்கு முன், நீங்கள் வீட்டில் இருக்கும் ஒரு நாளில், தெர்மோஸ்டாட் இல்லாமல் சூடேற்றியைச் சில மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டு, குளிர்ந்த பக்கத்தை அளந்து பாருங்கள். அங்கும் 35 பாகையைத் தாண்டுகிறது என்றால், அந்தத் தொட்டிக்கு அந்த வாட் அதிகம். தப்பியோட இடமில்லாத தொட்டியில் பாம்பு இறந்துவிடும். தேவைக்குச் சற்றே மேலான வாட் உள்ளதை வாங்குங்கள், "எதற்கும் இருக்கட்டும்" என்று இரு மடங்கு வாங்காதீர்கள்.

இன்னும் ஓர் அடி எடுத்து வைக்க விரும்பினால், இரண்டு தெர்மோஸ்டாட்களைத் தொடராக இணைக்கலாம். சுவர் பிளக்கில் ஆன்-ஆஃப் தெர்மோஸ்டாட், அதில் முதன்மைத் தெர்மோஸ்டாட், அதில் சூடேற்றி என்பதே வரிசை. சுவர் பிளக்கில் உள்ளதை 3 பாகை கூடுதலாக வைத்துவிட்டால், சாதாரண நாட்களில் அது குறுக்கிடாது. முதன்மைத் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் மட்டும் மின்சாரத்தைத் துண்டிக்கும். இரண்டுக்கும் வெப்பத்தை உணரும் தனித்தனி சென்சார் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

சூடேற்றிக்கு ஏற்ற தெர்மோஸ்டாட் எது என்பதிலும் குழப்பம் நிலவுகிறது. ஹீட் மேட்டுக்கு ஆன்-ஆஃப் வகை போதும். ஒளி தராத செராமிக் ஹீட்டருக்கு, மின்சாரத்தைச் சிறு சிறு துடிப்புகளாக விடும் பல்ஸ் வகை ஏற்றது. ஹாலஜன் விளக்குக்கு, மின்சாரத்தைச் சீராகக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் வகைதான் வேண்டும். ஆன்-ஆஃப் வகையில் போட்டால் விளக்கு நாளெல்லாம் அணைந்து அணைந்து எரிந்து, பாம்புக்கும் தொல்லை, விளக்குக்கும் ஆயுள் குறைவு. செராமிக் ஹீட்டரின் பரப்பு 200 பாகைக்கு மேல் போகக்கூடும் என்பதால் அதற்குப் பீங்கான் ஹோல்டர்தான் பொருத்த வேண்டும், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும்.

மற்றபடி, தொட்டியிலிருந்து வரும் கம்பி பிளக்குக்குக் கீழே ஒரு தொய்வு விட்டுப் பிறகு மேலேறட்டும். கம்பி வழியே வழியும் நீர் அந்தத் தொய்விலேயே சொட்டிவிடும். மின்கசிவைக் கண்டவுடன் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அந்த இணைப்பில் இருப்பது கட்டாயம். பழைய மேட்டில் மடிப்போ, கருகலோ, நிறமாற்றமோ தெரிந்தால் தூக்கி எறியுங்கள். ஒருமுறை ஒட்டியதைப் பிய்த்து மறுபடியும் ஒட்டுவதும் உள்ளிருக்கும் சூடேற்று இழையைச் சேதப்படுத்தும்.

பதில்: மரப்பொந்து

சற்றே மாறுபடுகிறேன். இந்தத் தொட்டிக்கு ஹீட் மேட்டையே முதன்மை வெப்பமாக வைக்க வேண்டுமா? இயற்கையில் வெப்பம் மேலிருந்து வருகிறது. மேலிருந்து வரும் வெப்பம் காற்றையும் சூடாக்குகிறது, கீழிருந்து வருவது அதை அவ்வளவாகச் செய்வதில்லை. கம்பிவலை மூடி இருப்பதால், அதன் மீது கவிகை வைத்த ஹாலஜன் விளக்கைப் பகலுக்கும், அறை இரவில் 24 பாகைக்குக் கீழே இறங்குமானால் செராமிக் ஹீட்டரை இரவுக்கும் பயன்படுத்தலாம். இரண்டும் வலைக்கு வெளியே இருப்பதால் பாம்பு அவற்றைத் தொடாது. தொட்டிக்குள் பொருத்துவதானால் கம்பிக்கூடு இல்லாமல் பொருத்தவே கூடாது, ஏனெனில் மலைப்பாம்பு சூடான விளக்கைக்கூடச் சுற்றிக்கொள்ளும்.

பதில்: செதில்தடம்

மரப்பொந்து சொல்வதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. மேலிருந்து வரும் வெப்பம், அதிலும் வலை மூடியுள்ள தொட்டியில், ஈரப்பதத்தை விரைவாக இழக்கச் செய்யும். பந்து மலைப்பாம்புக்கு 60 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதம் வேண்டும். அது குறைந்தால் சட்டை துண்டு துண்டாக உரியும். ஆகவே இந்த முறைக்கு மாறினால் தேங்காய் நார்த்தூளைத் தாராளமாக இட்டு, நீர்க்கிண்ணத்தைப் பெரிதாக வைக்க வேண்டியிருக்கும். நார்த்தூளை ஆழமாக இட்டால் அடியில் உள்ள மேட்டை நிறுத்திவிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். 5 செ.மீ. நார்த்தூள் ஒரு கம்பளிபோல வெப்பத்தைக் கண்ணாடியோடு சேர்த்து அடைத்துவிடும். மேற்பரப்பு இளஞ்சூடாகவே இருக்க, அடித்தளம் கொதிக்கும். பாம்பு புதைந்து போய்ப் படுப்பது அந்த அடித்தளத்தில்தான்.

சுருள்வால்

அனைவருக்கும் நன்றி. அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து பார்த்தேன்: முள் 28 காட்டிக்கொண்டிருந்தபோது மேட்டின் மேலுள்ள கண்ணாடி 47 பாகை. பாறையையும் சிவப்பு விளக்கையும் அகற்றிவிட்டேன். ஹாலஜனும் செராமிக் ஹீட்டரும் வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். சென்சாரை எங்கே பொருத்துவது, மின்தடை ஏற்பட்டால் என்ன செய்வது என்பவை மட்டும் எஞ்சியுள்ளன.

பதில்: மரப்பொந்து

மேல்வெப்பத்துக்கு, சென்சார் சூடான பக்கத்தில், பாம்பு படுக்கும் உயரத்தில், விளக்கின் வீச்சுக்குள் இருக்க வேண்டும். அதை அசையாமல் பொருத்துவதே பெரிய வேலை. பாம்பு முட்டி முட்டிச் சென்சாரை இழுத்துக் குளிர்ந்த பக்கத்துக்குத் தள்ளிவிட்டாலோ, அது தொட்டிக்கு வெளியே நழுவி விழுந்துவிட்டாலோ, தெர்மோஸ்டாட் அங்குள்ள குளிரை அளந்து, இன்னும் சூடாக்கு என்று விளக்கை ஏவிக்கொண்டே இருக்கும். பாம்பு இல்லாத இப்போதே சிலிகான் பசையாலும் கவ்விகளாலும் பொருத்தி, பசை முழுமையாக உலர்ந்து வாடை நீங்கும்வரை விட்டுவிடுங்கள். உள்ளே ஒட்டும் நாடா எதையும் பயன்படுத்தாதீர்கள். அது செதிலோடு ஒட்டிக்கொண்டால் தோலைக் கிழிக்காமல் பிரிப்பது கடினம். முள் வெப்பமானிக்குப் பதிலாக இரு பக்கங்களிலும் டிஜிட்டல் வெப்பமானி வையுங்கள். தெர்மோஸ்டாட்டில் காட்டும் எண்ணும் பாம்பு படுக்கும் இடத்தின் வெப்பமும் ஒன்றாக இராது. பின்னதை அளந்துகொண்டே முன்னதைத் திருத்துவதுதான் முறை.

மின்தடையைப் பொறுத்தவரை அவ்வளவு கலங்க வேண்டாம். உடல்நலமுள்ள பாம்பு சில மணி நேரக் குளிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். தொட்டியை மூச்சுக்காற்றுக்கு இடைவெளி விட்டுக் கம்பளியால் போர்த்தி, தேவையெனில் வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி ஒரு மூலையில் வைக்கலாம். மெழுகுவத்தி, அடுப்பு எதுவும் வேண்டாம். அண்மையில் இரை உண்ட பாம்புதான் குளிரில் கக்க வாய்ப்புள்ளது என்பதால், மின்தடை நீளும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அந்த வாரத்து உணவைத் தள்ளிப்போடுங்கள். மின்சாரம் வந்ததும் போர்வையை உடனே எடுத்துவிடுங்கள், மூடியின் மேல் இருப்பது ஹாலஜன் விளக்கு.

குளிரைவிட அதிகச் சூடுதான் விரைவாகக் கொல்லும். அறையே 35 பாகையை எட்டினால் தெர்மோஸ்டாட்டால் சூடேற்றியை நிறுத்த முடியுமே தவிர, தொட்டியைக் குளிர்விக்க முடியாது. நேரடி வெயில் படாத, வீட்டிலேயே குளிர்ந்த அறையைத் தொட்டிக்குத் தேர்ந்தெடுங்கள்.

பதில்: ஈயக்கம்பி

எல்லாம் பொருத்திய பிறகு, காலி தொட்டியை ஒரு வாரமாவது ஓடவிட்டு, விடியற்காலையிலும் பிற்பகலிலும் இரு முனைகளின் வெப்பத்தைக் குறித்து வாருங்கள். பாம்பு வந்த பிறகு வயிற்றுச் செதில்களில் சிவப்போ, பழுப்பு நிறமோ, கொப்புளமோ தென்பட்டால், சூடேற்றியை அணைத்துவிட்டு, களிம்பு எதையும் நீங்களாகப் பூசாமல், ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டு செல்லுங்கள்.