பழைய ரிசார்ட் மெம்பர்ஷிப்பை வாங்குறதா, வாடகைக்கு எடுக்குறதா?

கோட்டையூரான்:
பெரியப்பச்சி சாந்திக் கல்யாணத்துக்குப் பள்ளத்தூர் போயிருந்தப்போ, பந்தியில பக்கத்து இலைக்காரர் ஆரம்பிச்சார். தூரத்துச் சொந்தம். அவர்கிட்ட ஒரு ரிசார்ட் கம்பெனியோட 25 வருஷ மெம்பர்ஷிப், இன்னும் 9 வருஷம் பாக்கி, வருஷத்துக்கு 7 ராத்திரி தங்கலாம். "புதுசுன்னா நீ யோசிக்கவே முடியாது தம்பி, உனக்கு 1,80,000"ன்னார். கவுனி அரிசி வாயில இருந்ததால தலையை மட்டும் ஆட்டினேன்.

கை கழுவிட்டு வந்து, "மே மாசம் கொடைக்கானல் இருக்கான்னு காட்டுங்கண்ணே"ன்னு கேட்டேன். போனைத் திறந்தார். கூட்டத்தைப் பொறுத்து நாட்களைக் கலர் வாரியா பிரிச்சு வச்சிருக்காங்க, அவரோடது வெள்ளை சீசன், கூட்டம் கம்மியான நாட்கள். மே மாசத்துல ஒரு தேதிகூட அவருக்குத் திறக்கல. பள்ளிக்கூடம் நடக்குற ஜூலையில எந்த நாள் வேணும்னாலும் கிடைக்குது. மனுஷன் அசரவே இல்ல. "ஜூலையிலதான் தம்பி கொடைக்கானலே, கூட்டம் இருக்காது பாரு"ன்னார். 16 வருஷமா வீட்டம்மாகிட்ட சொல்லிச் சொல்லிப் பழகின மாதிரி அவ்வளவு சரளமா வந்துச்சு.

இன்னும் பதில் சொல்லல. வாங்கலாமா? இல்ல, வேணுங்கிறப்போ யாராவது மெம்பர்கிட்ட வாடகைக்கு எடுத்துக்கலாமா?

தேவகோட்டை ரிடையர்டு:
தம்பி, விலையைச் சொன்னீங்க, வருஷக் கட்டணத்தைச் சொல்லலையே! எங்க மச்சினர் கட்டுறது 18 சதவீத ஜிஎஸ்டியோட 21,000. உங்க 1,80,000-ஐ 9-ஆல வகுத்தா வருஷத்துக்கு 20,000. ரெண்டும் சேர்த்து 41,000. ஒரு ராத்திரிக்கு ஏறக்குறைய 5,850 ரூபா. சாப்பாடு தனி, பேர் மாத்துற கட்டணம் தனி. வருஷக் கட்டணம் ஏறிக்கிட்டுத்தான் போகும், நீங்க போகாட்டியும் கட்டணும்.

இப்போ மச்சினர் கதை. டிசம்பர் பொறந்தா போன் வந்துரும். "நாலு ராத்திரி வீணாப் போகுது, யாராவது போய்ட்டு வாங்களேன்." போன தடவை ஏறக்குறைய அழுதுட்டார். இவரை மாதிரி ஆட்கள்தான் ராத்திரி 3,000, 4,000-க்கு விடுறாங்க. போட்ட முதல் போனது போகட்டும், கட்டணமாவது கைக்கு வரட்டும்னு. அவங்க நஷ்டத்துல நீங்க தங்கலாம். வாடகைதான்.

கானாடுகாத்தான் ஆச்சி:
ஐயா சொல்ற கணக்கு சரி. ஆனா ராத்திரி பத்து மணிக்கு ஊட்டிக் குளிர்ல கணக்கு உதவாது. வாட்ஸ்அப் குழுவுல கிடைச்ச மெம்பருக்கு முழுப் பணமும் அனுப்பியாச்சு. போய் நின்னா வவுச்சர்ல அவர் பேரு மட்டும்தான் இருக்கு. விருந்தாளின்னு எங்க பேரைச் சேர்க்கவே இல்ல. அவர் போன் சுவிட்ச் ஆஃப். எங்க மாமியா பெட்டி மேல உட்கார்ந்துகிட்டு, சீப்புச் சீடை டப்பாவைத் திறந்து ரிசப்ஷன் பையனுக்கு நீட்டுனாக. அவனும் வாங்கித் தின்னான். ரூம் மட்டும் குடுக்கல. கடைசியில கவுண்டர் வாடகை கட்டித்தான் உள்ள போனோம்.

கண்டனூர், வக்கீல் இல்லை:
எனக்கும் ஏற்காட்டுல இதே மாதிரி ஆச்சு, அதை விடுங்க. ஆச்சி, நீங்க சும்மா விட்டிருக்கக் கூடாது. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணிப் புகார் பதியலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே வழக்குப் போடலாம், ஊட்டிக்கு அலைய வேண்டாம். 2 வருஷத்துக்குள்ள போடணும். பணம் அனுப்பின ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாத்தையும் பத்திரமா வைங்க.

கோட்டையூர்த் தம்பிக்கும் சொல்றேன். வாங்குறதா இருந்தா முத்திரைத் தாள்ல எழுதி வாங்கிட்டு வந்துராதீங்க. கம்பெனி பேர் மாத்திக் குடுத்தாத்தான் அது உங்களுது. பாக்கி இல்லைன்னு கம்பெனிகிட்ட இருந்து கடிதம் வரணும். வேற ரிசார்ட்டுக்கு மாத்திக்கிற வசதி கைமாறி வாங்குறவருக்கும் உண்டான்னு எழுத்துல கேளுங்க. அசல் ஒப்பந்தத்தைப் படிங்க, கலர் புத்தகத்தை இல்ல.

தேவகோட்டை ரிடையர்டு:
வக்கீல் இல்லைன்னு பேர் வச்சுக்கிட்டு இவ்வளவு சட்டமா? அந்த மெம்பர் தனி ஆள். ஒரு தடவை தன் ரூமை விட்டவரைச் சேவை நிறுவனம்னு நுகர்வோர் ஆணையம் ஏத்துக்குமா? ஊட்டிச் சம்பவத்துக்கு மருந்து ஒண்ணே ஒண்ணு. பாதிப் பணம் முன்னால, மீதி வவுச்சர்ல நம்ம பேர் வந்து, ரிசார்ட்டுக்கு நாமளே போன் போட்டு உறுதி பண்ணின பிறகு.

புதுவயல்காரன்:
நான் விற்கிற பக்கம். அப்பச்சி தவறின பிறகு அவுக மெம்பர்ஷிப் எங்களுக்கு வந்துச்சு. விளம்பரம் போட்ட மறுநாளே ஒரு பொண்ணு, தேன் ஒழுகப் பேசுச்சு. "வாங்குற பார்ட்டி ரெடி சார், 4 லட்சம். பதிவுக் கட்டணம் 15,000 மட்டும் இப்பவே கட்டிருங்க." பார்ட்டி யாரு, எந்த ஊருன்னு கேட்டேன். "சார், காரைக்குடிதான் சார், உங்க ஊர்தான்"னுச்சு. காரைக்குடியில எந்தத் தெருன்னு கேட்டதும் லைன் கட். இதுக்கு அப்புறமும் வேற வேற குரல்ல வந்துக்கிட்டே இருக்கு.

எங்க வீட்டம்மாவுக்கு இதுல எரிச்சல். எங்க ஐயா கட்டுன வீட்டுல ஏற்கெனவே எங்களுக்கு ஒரு பங்கு இருக்கு. ஓடு மாத்தணும்னா எல்லாப் பங்காளியும் பணம் போடணும், முன்னோர் படைப்புக்குத்தான் பூட்டைத் திறக்குறோம், விற்கணும்னா எல்லாரும் கையெழுத்துப் போடணும். "இது பத்தாதுன்னு மலை மேல வேற ஒரு பங்கா?"ன்னு கேக்குறா. கோட்டையூர் அண்ணே, 4 லட்சம் எல்லாம் வேண்டாம், 60,000-க்கு நான் தர்றேன், வெள்ளையை விடக் கிராக்கியான சிவப்பு சீசன், 6 வருஷம் பாக்கி. சும்மா சொல்லி வைக்கிறேன்.

தேவகோட்டை ரிடையர்டு:
தம்பி, வருஷக் கட்டணம்?

கோட்டையூரான்:
பள்ளத்தூர்ச் சொந்தக்காரர் நேத்து தானே கூப்பிட்டு 1,20,000-க்கு இறங்கிட்டார். பாக்கி இல்லைன்னு கம்பெனிக் கடிதம் கேட்டேன். "சொந்தத்துக்குள்ள என்ன தம்பி கடிதம்"ங்கிறார். அதோட அந்தப் பேச்சை விட்டுட்டேன். மே மாசத்துக்கு ஒரு மெம்பர் கொடைக்கானல்ல ராத்திரி 4,500 சொல்றார், மூணு ராத்திரி. பாதி அனுப்பியாச்சு. விருந்தாளிப் பேர்ல எங்க நாலு பேரையும் போடச் சொல்லியிருக்கேன். புதுவயல் அண்ணே, தேவகோட்டை ஐயா கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.