கிளிக் லாக் தரைக்கு அடியில் என்ன விரித்தீர்கள்? டெல்டாக்காரர்களின் அனுபவங்கள்

கும்பகோணம்

அரசலாற்றுக்குப் பக்கத்துத் தெரு எங்களுடையது. தாத்தா காலத்து வீடு, ரெட் ஆக்சைடு தரை. கூடத்தில் அதன் மினுமினுப்பு இன்னும் போகவில்லை, அதில் கை வைக்கும் எண்ணமும் இல்லை. பின்கட்டு அறைதான் பிரச்சினை. ஐப்பசி பிறந்தால் தரை நசநசக்கும், சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூக்கும். அம்மாவுக்கு வீசிங் இருப்பதால் தரையைப் பெயர்த்து டைல்ஸ் போடும் தூசி வேண்டாம் என்று கிளிக் லாக் பலகைக்கு வந்தோம். பசை கிடையாது, ஆணி கிடையாது. பலகைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பழைய தரைமேல் சும்மா கிடக்கும்.

கடைக்குப் போனால் பேச்செல்லாம் பலகையின் நிறத்தைப் பற்றித்தான். அடியில் என்ன விரிப்பது என்று கேட்டதற்கு, "தடிமனா போடுங்க சார், மெத்து மெத்துன்னு இருக்கும்" என்று 5 மில்லிமீட்டர் ஃபோமைக் காட்டினார்கள். நம் ஊரில் இப்படி அடியில் விரிக்கும் அண்டர்லேவுக்கு முதல் வேலை தரையிலிருந்து ஏறும் ஓதத்தை, அதாவது ஈரத்தை, மறிப்பது. சொகுசெல்லாம் அப்புறம்.

எந்த அறையில் எவ்வளவு ஓதம் என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒரு முழம் சதுரத்துக்கு பாலித்தீன் துண்டு வெட்டி, தரையில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். பின்கட்டில் ஒட்டியதைப் பிரித்தபோது உட்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. அடியில் இருந்த தரை மட்டும் சுற்றுப்புறத்தைவிட அடர்ந்த சிவப்பாகத் தெரிந்தது. கூடத்தில் ஒட்டிய துண்டு காய்ந்தே இருந்தது. இந்தச் சோதனையைச் சித்திரை, வைகாசியில் செய்து ஏமாந்துவிடாதீர்கள். மேட்டூரில் தண்ணீர் திறந்து ஆறு, வாய்க்கால் எல்லாம் ஓட ஆரம்பித்த பிறகு கிணற்றில் நீர் ஏறும். அதற்கு மேல் வடகிழக்குப் பருவமழை. அக்டோபருக்குப் பிறகு பார்த்தால்தான் தரையின் உண்மை நிலை தெரியும்.

முதலில் ஓட்டிலிருந்து வடியும் மழைநீர் சுவரடியில் விழாதபடி வெளியே வாட்டம் வைத்துப் பூசினோம். அதைச் செய்யாமல் உள்ளே எதை விரித்தாலும் பிரயோஜனம் இல்லை. அப்புறம் பலகை. லேமினேட் என்பது மர நாரை அழுத்திச் செய்த எச்டிஎஃப். தண்ணீர் பட்டால் ஓரம் உப்பிவிடும். அதனால் எஸ்பிசி எடுத்தோம். சுண்ணாம்புக்கல் பொடியும் பிவிசியும் சேர்ந்த பலகை அது, ஊறாது. அதன் அடியிலேயே மெல்லிய ஐஎக்ஸ்பிஇ ஃபோம் ஒட்டி வந்ததால் தனியாக ஃபோம் வாங்கவில்லை. 200 மைக்ரான் பாலித்தீன் மட்டும் விரித்தோம். ஒரு ஷீட் இன்னொன்றின் மேல் ஒரு சாண் ஏறி இருக்க வேண்டும், சேரும் இடம் முழுக்க டேப் ஒட்ட வேண்டும். சுவரோரம் இரண்டு அங்குலம் மேலே மடித்து ஏற்றி, சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டைக்குப் பின்னால் மறைத்துவிட்டோம். அடைமழைக் காலத்தையும் பார்த்தாகிவிட்டது. பலகைமேல் வெறுங்காலோடு நடந்தால் காய்ந்த தரையாகத்தான் இருக்கிறது.

மன்னார்குடி

அந்தத் தடிமன் ஃபோம் விஷயத்தை நானும் சொல்லியாக வேண்டும். அக்கா வீட்டில் 8 மில்லிமீட்டர் லேமினேட்டுக்கு அடியில் ஒப்பந்தக்காரர் தடியான ஃபோமைப் போட்டுவிட்டுப் போனார். தரை மேடுபள்ளமாக இருந்தது, ஃபோம் சரிக்கட்டிவிடும் என்று சொன்னாராம். ஆள் நடக்கும் இடமெல்லாம் டக் டக் என்று சத்தம். வாசற்படியோரம் இரண்டு பலகைக்கு நடுவே நகம் நுழையும் அளவுக்குப் பிளந்துகொண்டது. கழற்றிப் பார்த்தால் கவ்வும் நாக்கு பொடிப்பொடியாக உதிர்ந்து கிடந்தது. கால் வைக்கும்போதெல்லாம் பலகை அமுங்கி எழும், அந்த ஆட்டத்தை மெல்லிய நாக்கு எத்தனை நாள் தாங்கும்? பள்ளத்தை நிரவிவிட்டு, 2 மில்லிமீட்டரில் கெட்டியான ஷீட் போட்ட பிறகு சத்தம் நின்றது.

இன்னொன்று, கொல்லையில் மூங்கில் கொத்தோ பழைய மரமோ இருந்தால் கரையானை மறக்காதீர்கள். எச்டிஎஃப் அதற்குத் தீனி. மருந்து அடிக்காத வீட்டின் கீழ்த்தளத்தில் லேமினேட் போடவே நான் சம்மதிக்க மாட்டேன்.

தஞ்சாவூர்

நான் இந்த வேலை செய்கிறவன். மேலே இரண்டு பேரும் சொன்னது சரி. வேலை நடக்கும்போது வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன்.

மட்டம்தான் முக்கியம். 2 மீட்டர் மட்டப்பலகையைத் தரையில் வைத்து நகர்த்துங்கள். அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் சந்து தெரியக்கூடாது. நாலு ஏடிஎம் கார்டை அடுக்கினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வரும், அந்த அடுக்கு தாராளமாக உள்ளே போனால் அங்கே பள்ளம் என்று பென்சிலால் வட்டம் போட்டுவிடுங்கள். மேட்டைத் தேய்க்க வேண்டும், பள்ளத்தை லெவலிங் கலவையால் நிரப்ப வேண்டும். ரெட் ஆக்சைடு தரை வழவழப்பாக இருக்கும், அதன் மேல் கலவை அப்படியே ஒட்டாது. முதலில் சொரசொரப்பாகக் கொத்தவோ தேய்க்கவோ வேண்டும். புதிதாகப் போட்ட கான்கிரீட் என்றால் அவசரமே வேண்டாம். 28 நாள் என்பது அது இறுகுவதற்கான கணக்கு, காய்வதற்கு அதற்கு மேலும் பிடிக்கும்.

பலகைப் பெட்டிகளை 48 மணி நேரம் அந்த அறையிலேயே படுக்கை வாட்டில் வைத்திருங்கள். சுவரைச் சுற்றி 8 முதல் 10 மில்லிமீட்டர் சந்து விட வேண்டும், நிலைக்கால் அடியிலும்தான். பலகை விரிந்து சுருங்கும், இடம் இல்லாவிட்டால் நடுவில் தூக்கிக்கொள்ளும். கோடையில் "தரை எழும்பிடுச்சு" என்று கூப்பிடும் வீடுகளில் நான் முதலில் பார்ப்பது நிலைக்காலைத்தான். அநேகமாக அங்கேதான் இடித்துக்கொண்டு நிற்கும். அதே காரணத்துக்காக ஸ்கர்ட்டிங்கைச் சுவரோடு பிடிக்க வேண்டும், பலகையோடு ஆணி அடிக்கக்கூடாது. கிச்சன் கேபினெட்டை இந்தத் தரைமேல் வைத்துத் திருகு போடவும் கூடாது. முதலில் கேபினெட், பிறகு அதுவரைக்கும் தரை.

பலகையிலேயே ஃபோம் ஒட்டி வந்தால் அதற்குக் கீழே இன்னொரு ஃபோம் வேண்டாம். ஒட்டாமல் வரும் எஸ்பிசிக்கு 1 அல்லது 1.5 மில்லிமீட்டரில் கெட்டியானது, லேமினேட்டுக்கு 2 முதல் 3. விரலால் அழுத்திப் பாருங்கள், சட்டென்று அமுங்குவது ஆகாது.

திருவாரூர்

மேலே ஓதத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் கீழ்த்தளத்துக்கு. எங்களுக்கு மாடி. காய்ந்த பழைய கான்கிரீட் தளம், பாலித்தீன் சோதனையில் சொட்டு ஈரம் இல்லை. கீழே குடியிருப்பவர்களுக்குக் காலடிச் சத்தம் கேட்பதுதான் எங்கள் கவலை. 2 மில்லிமீட்டர் கார்க் ஷீட் போட்டோம், குழந்தைகள் ஓடினாலும் இப்போது கீழ்வீட்டு அத்தை ஒன்றும் சொல்வதில்லை. ஃபோமைவிட விலை கூடுதல்தான். மாடிக்கு அது தகும்.

வேதாரண்யம்

கடலோரக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கஜா புயலுக்குப் பிறகு எடுத்துக் கட்டிய வீடு எங்களுடையது, எஸ்பிசி போட்டிருக்கிறோம். ஒரு பெருமழையில் வாசல் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. மேலே துடைத்ததோடு விட்டுவிட வேண்டாம் என்று மாமா பிடிவாதமாகச் சொன்னார். பலகை ஊறாதுதான், ஆனால் அடியில் போன தண்ணீரைப் பாலித்தீன் கீழேயும் விடாது, பலகை மேலேயும் விடாது. அப்படியே கிடந்து நாறும். கதவோரத்திலிருந்து வரிசையாகக் கழற்றி, ஃபேன் போட்டுத் தரையைக் காயவைத்து, உப்பு போகப் பலகைகளை நல்ல தண்ணீரில் கழுவி, திரும்ப மாட்டினோம். எல்லாம் பழையபடி கவ்விக்கொண்டன. கழற்றும்போது ஒவ்வொரு பலகையின் முதுகிலும் மார்க்கரால் வரிசை எண் போட்டுக்கொள்ளுங்கள், வெட்டிய துண்டுகள் கலந்துவிட்டால் மாட்டும்போது பெரிய அவஸ்தை.