டார்ட்மூரில் நாங்கள் பார்த்த வீட்டு வாசல்

டார்ட்மூர் போனவர்கள் அனுபவத்தை எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எக்ஸிட்டருக்குக் குடிவந்து ஆறு வருடம் ஆகிறது. நினைத்தால் அரை நாளில் போய்வரும் தூரம் என்பதால் அங்கே பலமுறை நடந்திருக்கிறேன். ஆனால் மனதில் தங்கியது போன அக்டோபரில் மகளோடு போன நடைதான்.

போகாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மூர் என்பது மரமில்லாத மேட்டு நிலம். புல், ஹெதர் புதர், காலை இழுக்கும் சதுப்பு, நடுநடுவே மேடுகளின் உச்சியில் டோர் என்று சொல்லும் கருங்கல் பாறைக் குவியல்கள். இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் மாவட்டத்தில் 954 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது. 1951-இல் தேசியப் பூங்கா ஆனது. பழைய இடங்கள் பெரும்பாலானவற்றுக்கு வேலி கிடையாது, நுழைவுச் சீட்டு கிடையாது. ஆடும் போனிக் குதிரையும் மேயும் புல்லுக்குள் நாலாயிரம் வருடக் கற்கள் அப்படியே நிற்கின்றன.

அன்று ஹூக்னி டோர் உச்சியில் நின்றபோது கீழே கிரிம்ஸ்பவுண்ட் முழுவட்டமாகத் தெரிந்தது. சுற்றிலும் பெரிய கல்மதில், உள்ளே 24 சிறு கல்வட்டங்கள். ஒவ்வொரு வட்டமும் ஒரு வீட்டின் அடிச்சுவர். கி.மு. 1300 அளவில், வெண்கலக் காலத்தில், மக்கள் குடியிருந்த ஊர் அது. இறங்கிப் போய்ச் சேருவதற்குள் மேற்கிலிருந்து மூடுபனி வந்துவிட்டது. டார்ட்மூர் பனி அடர்ந்தால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. செல்பேசியில் சிக்னலும் இல்லை. வரைபடமும் திசைகாட்டியும் பையில் இருந்தன. ஆனாலும் சின்னப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு பனிக்குள் நடக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு குடிசை வட்டத்துக்குள் போய், வாசல் ஓரமாக இருவரும் உட்கார்ந்துவிட்டோம்.

உட்கார்ந்த பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். வாசல் முன்னால் சுவர் வளைந்து சின்னத் திண்ணை மறைப்புப் போல நிற்கிறது. அதன் பின்னால் காற்று படவே இல்லை. இதற்கு முன் இரண்டு முறை அதே சுவரைப் படம் எடுத்திருக்கிறேன். அது எதற்கு என்று குளிரில் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது.

“அப்பா, இவங்க எங்கப்பா சமைப்பாங்க?” என்றாள் மகள்.

1894-இல் இங்கே அகழ்ந்தவர்கள் குடிசைகளில் அடுப்புக் கல்லையும் கரியையும், படுப்பதற்காகச் சற்று உயர்த்திய கல்மேடையையும் கண்டார்கள். நடுவில் அடுப்பு, ஓரத்தில் படுக்கை, மேலே கூரை, வெளியே மதிலுக்குள்ளேயே ஓடும் சின்ன ஓடை. இதைச் சொன்னதும் அவள் எழுந்து, “அப்ப நான் இங்க படுத்துக்கறேன், நீங்க வாசல் பக்கம்” என்று இடம் பிரித்தாள். குளிர்காலக் காற்றில் ஒரு அப்பாவும் மகளும் இதே இடத்தில் இதையே பேசியிருப்பார்கள் என்று தோன்றியது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

முக்கால் மணி நேரத்தில் பனி விலகியது. அதற்குள் அவள் கேட்ட இன்னொரு கேள்வி, ஏன் இந்த ஊரை விட்டுப் போனார்கள் என்பது. வெண்கலக் காலத்தின் தொடக்கத்தில் இந்த மேடு இன்றைக்கு விடச் சற்று இதமாக இருந்தது. காட்டை வெட்டி மேய்ச்சலும் பயிரும் செய்தார்கள். பிறகு குளிரும் ஈரமும் கூடி, பீட் என்னும் மட்கிய தாவரச் சதுப்பு பரவி, மேட்டு நிலம் கைவிட்டுப் போனது. டார்ட்மூரில் இப்படிக் குடிசை வட்டங்கள் சுமார் 5,000 இருப்பதாகச் சொல்கிறார்கள். அவற்றில் எத்தனை வாசல்களை நான் மிதித்துத் தாண்டிப் போயிருக்கிறேனோ.

மறுநாள் மெரிவேல் போனோம். முழங்கால் உயரக் கற்கள் இரண்டிரண்டாக வரிசை போட்டு 260 மீட்டர் தூரம் போகின்றன. பக்கத்தில் இன்னொரு இரட்டை வரிசை, இரண்டுக்கும் நடுவே பிற்காலத்தில் வெட்டிய ஒரு வாய்க்கால். கொஞ்சம் தள்ளி மூன்று மீட்டர் நெடுங்கல். வரிசையின் அருகே கல்பெட்டி ஒன்று, புதைகுழி. இங்கே அதைக் கிஸ்ட்வேன் என்பார்கள். நம் ஊர்ப் புதுக்கோட்டைப் பக்கத்துக் கற்பதுக்கைகளைப் பார்த்தவர்களுக்கு நாலு பக்கமும் பலகைக்கல் நிறுத்தி மேலே மூடுகல் வைக்கும் இந்த அமைப்பு சட்டென்று பிடிபடும். இரண்டுக்கும் உறவு எதுவும் இல்லை, காலமும் வேறு. மெரிவேல் மூடுகல்லின் நடுப்பகுதியைக் காணோம். 19ஆம் நூற்றாண்டில் யாரோ அதிலிருந்து வாயிற்கால் ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்தபோது வந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

பெரும்பாலான கிஸ்ட்வேன்கள் பழங்காலத்திலேயே கொள்ளை போனவை. வைட்ஹார்ஸ் ஹில் என்ற குன்றில் இருந்த ஒன்று பீட்டுக்குள் புதைந்து தப்பியது. 2011-இல் அதைத் திறந்தார்கள். எரித்த எலும்புகள் கரடித்தோலில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. கூடவே அம்பர், களிமண், தகர மணிகள் உட்பட 200 மணிகள். இறந்தது இளவயது ஆள் என்று கணிக்கிறார்கள். ஏறத்தாழ 3,700 வருடம் முந்தியது. என்னை அசைத்தது மரத்தில் கடைந்த இரண்டு ஜோடி தோடுகள். பிளிமத்தின் பாக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, அவசியம் பாருங்கள். காது குத்தி வளர்த்தவர்களுக்கு அது வெறும் கண்காட்சிப் பொருளாகத் தெரியாது.

போஸ்ட்பிரிட்ஜில் பலகைக்கல் அடுக்கிக் கட்டிய இடைக்காலப் பாலமும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எப்போதும் கூட்டம். விஸ்ட்மன்ஸ் வுட்டின் குட்டை ஓக் மரங்களை வெளியிலிருந்தே பாருங்கள். உள்ளே கால் வைத்தால் பாறைமேல் பாசி உரிந்துவிடுகிறது, அதனால் போகவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

பிளிமத்திலிருந்து ஒரு சகோதரி:

அண்ணா, தோடு பற்றிப் படித்ததும் ஜேஸ் கிரேவ் ஞாபகம் வந்தது. ஹவுண்ட் டோர் அருகே பாதைகள் கூடும் இடத்தில் ஓரமாக ஒரு சின்ன மண்மேடு. அநாதை விடுதியில் வளர்ந்து பண்ணை வேலைக்குப் போன ஒரு பெண் தூக்குப் போட்டுக்கொண்டாள் என்று ஊரில் சொல்கிறார்கள். தற்கொலை செய்தவர்களை அந்தக் காலத்தில் தேவாலய நிலத்தில் சேர்க்கமாட்டார்கள், முச்சந்தியில்தான் புதைப்பார்கள். 1823-இல் சட்டம் வந்துதான் அது நின்றது. 1860 வாக்கில் சாலை வேலையின்போது எலும்புகள் கிடைத்து, பெட்டியில் வைத்து அங்கேயே அடக்கம் செய்தார்கள். நான் போன ஒவ்வொரு முறையும் மேட்டின்மேல் புதுப்பூ இருந்தது. யார் வைக்கிறார்கள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. திருச்சியிலிருந்து வந்திருந்த அம்மாவைக் கூட்டிப்போனேன். கதையைக் கேட்டுவிட்டு, “யார் பெத்த புள்ளையோ” என்று சொல்லி, ஓரத்தில் பூத்திருந்ததைப் பறித்து வைத்தார். திரும்பி வரும் வழியெல்லாம் பேசவே இல்லை.

நியூட்டன் ஆபட்டிலிருந்து ஒருவர்:

ஹேடோரை விட்டுவிட்டீர்களே சார். நான் ரயில்வேயில் வேலை பார்ப்பவன், எனக்கு அதுதான் கோயில். 1820-இல் கருங்கல்லிலேயே தண்டவாளம் செதுக்கிப் போட்டிருக்கிறார்கள், பத்து மைல் தூரம். கல் ஏற்றிய வண்டிகள் சரிவில் தானாக இறங்கும், காலி வண்டியைக் குதிரைகள் மேலே இழுக்கும். கீழே கால்வாய், அப்புறம் கடல், அப்புறம் லண்டன். 1831-இல் திறந்த லண்டன் பாலத்துக்கு இந்தக் கல் போனது. பாதை பிரியும் இடங்களில் கல்லில் வெட்டிய பள்ளம் இன்றும் இருக்கிறது. குனிந்து விரலை வைத்துப் பார்த்தேன், சக்கரம் உரசி வழவழப்பாக இருந்தது. ஒரு சந்தேகம்: வடக்குப் பக்கம் ராணுவம் சுடும் இடம் என்கிறார்களே, நடக்கலாமா?

பதில்:

நடக்கலாம் சார். சுடும் நாட்களை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். அன்று எல்லையில் சிவப்புக் கொடி பறக்கும். கொடியைப் பார்த்தால் திரும்பிவிடுங்கள். கீழே உலோகமாக எது கிடந்தாலும் தொடாதீர்கள். டார்ட்மூரிலேயே உயரமான ஹை வில்ஹேஸ், 621 மீட்டர், அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அரசு நில அளவை நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் ஓ.எல். 28 வரைபடத்தைக் காகிதத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சுடும் எல்லை அதில் தெளிவாகக் குறித்திருக்கிறது. செல்பேசியை நம்பவேண்டாம்.

தங்கச்சி, வருகிற சனிக்கிழமை நாங்கள் ஹவுண்ட் டோர் போகிறோம். உங்கள் அம்மா சொன்னதை மகளிடம் படித்துக் காட்டினேன். தோட்டத்தில் எந்தப் பூவைப் பறிக்கலாம் என்று அவள் இப்போதே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.