மது எச்சரிக்கை லேபிள் வரைவு: வர்த்தக ஒப்பந்தம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

மதுபாட்டில்களில் புற்றுநோய் எச்சரிக்கையைக் கட்டாயமாக்கும் மாதிரி விதி ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறோம். உலக வர்த்தக அமைப்பில் ஆட்சேபம் வந்தாலும் அது நிலைக்க வேண்டும்.

மது வரி பற்றிய தீர்ப்புகள் ஓரளவு தெளிவாக இருக்கின்றன. உள்நாட்டுச் சரக்கைக் காப்பாற்றும் வரி காட் (சுங்கவரி, வர்த்தகம் குறித்த பொது ஒப்பந்தம்) 3ஆம் பிரிவில் அடிபடும். ஆல்கஹால் அளவுப்படி வரி போட்டால் மட்டும் தப்பிவிட முடியாது. சிலி 35 டிகிரி (ஆல்கஹால் சதவீதம்) வரை 27 சதவீதமும் 39 டிகிரிக்கு மேல் 47 சதவீதமும் விதித்தது. உள்நாட்டுப் பிஸ்கோ (திராட்சையில் வடிக்கும் மது) பெரும்பாலும் கீழ்ப்படியிலும் இறக்குமதிச் சரக்கு மேல்படியிலும் விழுந்ததால் 2000இல் தோற்றது.

லேபிள்தான் சிக்கல். வர்த்தகத் தொழில்நுட்பத் தடைகள் ஒப்பந்தத்தின் 2.2 பிரிவு, தேவைக்கு மேல் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தக் கூடாது என்கிறது. சிகரெட்டின் வெற்று உறை (நிறுவனச் சின்னமும் வண்ணமும் இல்லாத ஒரே மாதிரிப் பெட்டி) வழக்கில் ஆஸ்திரேலியா 2020இல் வென்றபோது புகையிலைக்கென ஒரு சர்வதேச உடன்படிக்கை துணைக்கு இருந்தது. மதுவுக்கு அப்படி எதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2010 உத்தி யாரையும் கட்டுப்படுத்தாது. தாய்லாந்தின் 2010 பட எச்சரிக்கைத் திட்டத்துக்கு ஏற்றுமதி நாடுகள் எழுப்பிய கேள்விகளே போதிய பாடம்.

எங்களுக்கு வேண்டியது:

இறக்குமதிக்குப் பின் துணை லேபிள் ஒட்ட சிபிடிபிபி (பசிபிக் வட்டார நாடுகளின் வர்த்தக ஒப்பந்தம்) அனுமதிக்கிறது. அந்த ஸ்டிக்கரின் இடத்தையும் எழுத்தளவையும் விதியிலேயே நிர்ணயித்தால் அது செல்லுமா? “விழிப்புணர்வுப் பிரசாரமே போதுமே” என்ற வாதத்துக்கு எந்த வகை ஆதாரம் நின்றது? வரைவு விதி பற்றி மற்ற நாடுகள் கருத்துக் கூற வழக்கமாகத் தரும் 60 நாளில் வந்த ஆட்சேபங்களுக்கு எழுதிய பதில்களின் மாதிரி யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து பகிருங்கள்.