அதிர்வெண்ணா, புலவெண்ணா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கடுங்குளிரில் காந்தப்புலத்தை ஏற்றும்போது படிகத்தின் மின்தடை ஏறி இறங்குவதைச் சுப்னிக்கோவ்–டி ஹாஸ் விளைவு என்பார்கள். அதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் "காந்தத்தடை அதிர்வு" என்று இட்டிருக்கிறோம். மின்னோட்டத்துக்கு எதிரான தடை மின்தடை என்றால், காந்தத்தடை என்பது காந்தப்பாயத்துக்கு எதிரான தடை. மின்மாற்றி உள்ளகத்தைப் பற்றி எழுதும்போது அந்தச் சொல் வேண்டியிருக்கும். இங்கே ஏறி இறங்குவது மின்தடைதான், "தடையலைவு" போதும்.

சிக்கல் அடுத்த சொல்லில். 1930இல் லெய்டனில் பிஸ்மத் ஒற்றைப்படிகத்தில் கண்ட இந்த அலைவு, காந்தப்புலத்தின் தலைகீழியில் (1/புலம்) தான் சீரானது. முகடுகள் 5, 4, 3.33 டெஸ்லாவில் வந்தால் தலைகீழிகள் 0.20, 0.25, 0.30. இடைவெளி 0.05, அதன் தலைகீழி 20 டெஸ்லா. இதைப் போய் அதிர்வெண் என்கிறோம். கடலூர்ப் பள்ளிகளில் தமிழ்வழி படித்த பிள்ளைகளுக்கு அதிர்வெண் என்றாலே ஹெர்ட்ஸ். "அலைவெண்" என்றால் அலை எண்ணோடு குழம்பும். புலம் + எண் = புலவெண். சரிவருமா?

— புதுச்சேரியிலிருந்து

ஐயா, தடையலைவு மிகப் பொருத்தம். புலவெண்ணில்தான் தயக்கம். தாமிரத்தில் எலக்ட்ரானின் பெரிய சுற்றுப்பாதைக்கு இது ஏறத்தாழ 58,000 டெஸ்லா. அவ்வளவு புலம் செலுத்தியதாகப் படிப்பவர் நினைத்துவிட மாட்டாரா?

— கடலூரிலிருந்து

நினைக்கக்கூடும். "ஃபெர்மிப் பரப்பின் (உந்தவெளியில் எலக்ட்ரான்கள் நிரம்பிய பகுதியின் எல்லை) பெரும அல்லது சிறும வெட்டுமுகத்துக்கு நேர்விகிதத்தில் அமைவது, செலுத்திய புலம் அன்று" என்று வரையறையில் ஒரு வரி சேர்த்துவிடலாம். அதிர்வெண் என்ற சொல் செய்யும் கேடு இதைவிடப் பெரிது. நேரத்தொடர் என்று எண்ணி, பதிவான தரவை அப்படியே, கலந்திருக்கும் அலைவுகளைப் பிரித்துக் காட்டும் ஃபூரியே உருமாற்றத்தில் போட்டுவிடுகிறார்கள். புலத்தைச் சீராக ஏற்றினால் புள்ளிகள் தலைகீழியில் சம இடைவெளியில் அமையா. உருமாற்றத்தில் வரும் முகடு பரந்து குலைந்துவிடும். மெல்ல ஏறும் பின்னணியைக் கழித்து, தலைகீழியில் சம இடைவெளிக்கு இடைச்செருகல் செய்த பிறகே உருமாற்ற வேண்டும்.

தடையலைவுக்கான குறிப்பில் இதையும் சேர்க்கலாம்: 4.2 கெல்வினில் மங்கலான அலைவு 1.5 கெல்வினில் எழவில்லையென்றால் மின்னோட்டத்தைப் பாதியாக்கிப் பார்க்கவும். மின்தடையின் வீச்சு கூடினால், படிகம் அளவிடும் மின்னோட்டத்தாலேயே சூடேறியிருக்கிறது. மின்னழுத்த முனைகள் சற்றே விலகியிருந்தாலும் மின்னோட்டத்துக்குக் குறுக்கே காந்தப்புலத்தால் எழும் ஹால் மின்னழுத்தம் கலக்கும். புலத்தைத் திருப்பி அளந்து சராசரி எடுக்க வேண்டும்.

— புதுச்சேரியிலிருந்து

அந்த வரியோடு புலவெண்ணை ஏற்கிறேன், ஐயா. ஹால் விளைவுப் பக்கத்திலும் "காந்தத்தடை" என்று கிடக்கிறது. அதைக் "காந்தமின்தடை" என்று இன்றே மாற்றிவிடுகிறேன்.

— கடலூரிலிருந்து