சல்லிக்குப் போன ஞாயிறு: பெயரும் வெயிலும் பற்றி ஒரு வழக்கு

ஓலைத்தொப்பி

திருகோணமலையிலேயே பிறந்து வளர்ந்தும், சல்லியில் ஒரு முழுப் பகல் இருந்தது போன ஞாயிறுதான். வெளியூர்க்காரருக்குச் சொல்கிறேன்: உப்புவெளிக்கு வடக்கே, சாம்பல்தீவுப் பக்கம், கடலோரத்தில் இருக்கும் மீனவர் குடியிருப்பு அது. முத்துமாரியம்மன் கோவிலால் பேர் தெரிந்த இடம். எங்கள் பேச்சில் சல்லி என்றால் காசு. எங்கே போகவேண்டும் என்று கேட்ட ஓட்டோக்காரரிடம் "சல்லிக்கு" என்றேன். "எல்லாரும் அதுக்குத்தானே அண்ணை ஓடுறம்" என்றார்.

நல்ல வெயில். கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றின் இரண்டு பக்கமும் ஆட்கள், பாட்டு இல்லை, பேச்சுக்கூடக் குறைவு, குதிக்காலை மணலில் ஊன்றி ஊன்றிப் பின்னால் நடந்தார்கள். நானும் பிடித்தேன். பத்து நிமிடத்தில் உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. மடி கரைக்கு வந்தபோது உள்ளே சூடையும் காரலும். நடுவில் ஒரு பேத்தை மீன், பந்து மாதிரி ஊதிக்கொண்டு எல்லாரையும் முறைத்தது. மகன் அதைவிட்டு நகரவே இல்லை. அந்தச் சூடையில் கொஞ்சம் வாங்கினோம். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் பொரித்துத் தந்தார். பாண், தேங்காய்ச் சம்பல், பொரித்த சூடை. மகனின் டியூப் காற்றோடு கடலுக்குள் போனதுதான் அன்றைக்கு ஒரே நட்டம்.

என் கட்சி இதுதான். வெயில் நாளில் கடல் பார்க்க வருகிறவர்களை உப்புவெளிச் சாய்வு நாற்காலிகளுக்கு அனுப்பாதீர்கள். சல்லிக்கு அனுப்புங்கள். இன்னொன்று, அந்தப் பெயரும் காசிலிருந்துதான் வந்திருக்கும். ஒல்லாந்தர் காலத்துச் செப்புக்காசைச் சல்லி என்றுதானே சொன்னார்கள்?

கணக்கு மாஸ்டர்

தம்பி, ஓட்டோக்காரர் பகிடி விட்டார் என்பதற்காக அதை வரலாறாக்க வேண்டாம். 1795-ல் ஆங்கிலேயர் பிடிக்கும்வரை திருகோணமலைக் கோட்டை பெரும்பாலும் ஒல்லாந்தர் கையில் இருந்தது, சரி. சல்லி என்று ஒரு செப்புக்காசு இருந்ததும் சரி. ஆனால் இந்த இரண்டுக்கும் அந்த மணலுக்கும் நடுவில் என்ன பாலம் போட்டீர்கள்? காசு என்ற பொருள் இருப்பதால் ஊரும் காசு என்றால், சாம்பல்தீவில் போய்ச் சாம்பலைத் தேடுங்கள். தீவையும் தேடுங்கள், பஸ்ஸிலிருந்து இறங்கிய பிறகு. உவர்மலையும் ஓர்ஸ் ஹில்லும் ஒரே இடம். எந்தப் பெயர் முதல் வந்தது என்று இரண்டு பேரைக் கேட்டால் மூன்று கதை வரும்.

உங்கள் முதல் கட்சியை நான் இன்னும் வலுவாக மறுக்கிறேன். "டியூப் காற்றோடு போனது" என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்களே, அதில் பிள்ளை இருந்தானா, இல்லையா?

மயிலாப்பூர்வாசி

வணக்கம். போன வருஷம் திருகோணமலை வந்தேன். சாம்பல்தீவு என்ற ஆங்கிலப் பலகையை நான் படித்தது "சம்பல் தீவு" என்றுதான். ஆஹா, தேங்காய்ச் சம்பலுக்கு ஒரு தீவே இருக்கிறதா என்று இறங்கப் பார்த்தேன். நண்பர் தடுத்துவிட்டார்.

சல்லி என்றதும் எனக்கு ஜல்லிதான் ஞாபகம் வருகிறது, வீடு கட்டும் ஜல்லி. உடைத்த கல். கரையில் கல் துண்டு அதிகமாக இருந்து அந்தப் பெயர் வந்திருக்கக் கூடாதா?

ஓலைத்தொப்பி

மயிலாப்பூர்வாசி, நான் நடந்த இடத்தில் கல்லே காணவில்லை. மணல், சிப்பி உடைசல், வலையிலிருந்து உதறிய செத்தை, அவ்வளவுதான்.

மாஸ்டர், டியூப்பில் பிள்ளை இல்லை. சத்தியமாக. அவன் முழங்கால் தண்ணீரில் நின்று பேத்தையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். கையை விட்டான், டியூப் போனது. எட்டிப் பிடிக்கலாம் என்று நாலடி வைத்தேன். அதற்குள் அது இருபதடி போய்விட்டது. அலையே இல்லை, அதுதான் புதினம்.

நிலாவெளியான்

அது கச்சான் அண்ணை. இந்தக் காலத்தில் மத்தியானம் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். அதனால்தான் கரையோரம் கண்ணாடி மாதிரித் தெரியும். பார்க்கிறவன் ஆபத்தில்லை என்று நினைப்பான். காற்றடைத்த எதையும் கொண்டு போகக் கூடாது.

பெயர்ச் சண்டைக்கு என் பங்கு: எங்கள் நிலாவெளியை நிலவு படும் வெளி என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருக்க, ஒரு வழிகாட்டி சிங்களத்தில் நில் என்றால் நீலம், வெலி என்றால் மணல், ஆகவே நீல மணல் என்று வெள்ளைக்காரருக்கு விளக்கினார். அவர்கள் குனிந்து மணலைப் பார்த்தார்கள். பாவம்.

மயிலாப்பூர்வாசி

கச்சான் அடிக்கிறது என்றால்? நீங்கள் பொட்டலத்தில் விற்பது கச்சான் இல்லையா?

நிலாவெளியான்

உங்கள் வேர்க்கடலையும் எங்களுக்குக் கச்சான்தான். ஒன்று வறுத்தது, மற்றது எங்களை வறுக்கிறது.

கணக்கு மாஸ்டர்

நிலாவெளித் தம்பி சொன்னதுதான் என் வழக்கின் அடித்தளம். தெரிந்த கடற்கரையில் இதைச் சொல்ல நாலு பேர் இருப்பார்கள். நிலாவெளியில் படகுக்காரர் இருக்கிறார்கள், எதிரே புறாமலைத் தீவு இருக்கிறது. 2003-இலிருந்து தேசியப் பூங்கா, சீட்டு எடுத்துத்தான் போகவேண்டும், ஒழுங்கு உண்டு. உப்புவெளியில் குளிக்கும் இடம் எது, கழிவறை எது என்று வந்தவனுக்குத் தெரியும். வெயில் ஏறினால் வீதியோரத்தில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்தில் இரண்டாம் உலகப்போரில் செத்த பொடியன்களின் வயதைப் படித்துக்கொண்டு அரை மணி நேரம் நிழலில் நடக்கலாம். நான் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறேன். கணக்குப் பாடத்தில் சத்தம் போட்ட வகுப்பு அங்கே சத்தம் போடவில்லை.

சல்லி ஒருவரின் வேலைத்தலம். நான் உங்கள் அலுவலகத்துக்குப் பாயோடு வந்து, மேசைக்குப் பக்கத்தில் விரித்து, சோற்றுப் பார்சலை அவிழ்த்தால் என்ன சொல்வீர்கள்? இன்றைக்கு நீங்கள் ஒரு குடும்பம் போனீர்கள், நன்றாக இருந்தது. இதைப் படித்து வரும் மாதம் நாற்பது வான் வண்டி போகும். அப்போது அந்த அம்மா பொரித்துத் தரமாட்டார், கடைதான் போடுவார். பிறகு அதுவும் உப்புவெளிதான்.

ஓலைத்தொப்பி

கடை போட்டால் என்ன மாஸ்டர்? மீன் விற்கிற வீடு பொரித்தும் விற்றால் நாலு காசு அவர்களுக்கு. உப்புவெளியில் அதே மீனை ஐந்து மடங்கு விலைக்கு விற்பவர் சம்பாதிக்கலாம், பிடித்தவர் சம்பாதிக்கக் கூடாதா? அழகான ஏழ்மை கெட்டுவிடும் என்று கவலைப்படுவது நமக்குச் சுலபம்.

பாய் விரித்த உவமை மட்டும் குத்தியது. ஒப்புக்கொள்கிறேன், விரித்தோம்.

கரைவீட்டுக்காரி

எங்கள் ஊரைப் பற்றி நாலு பேர் பேசுகிறீர்கள் என்று தங்கச்சி காட்டினாள். நான் சல்லி. பிறந்ததும் கட்டியதும் இங்கேதான். அப்பா கரைவலையில் இருந்தவர்.

ஓலைத்தொப்பி அண்ணா, நீங்கள் பாய் விரித்தது நாங்கள் வலை காயப்போடும் இடம். அன்றைக்கு அண்ணன்மார் வலையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனதை நீங்கள் கவனிக்கவில்லை. யாரும் எதுவும் சொல்லியிருக்கமாட்டார்கள். வந்தவர்களைச் சொல்வது இல்லை.

மாஸ்டர், உங்களுக்கும் ஒன்று. வராதேங்கோ என்று எங்களுக்காக நீங்கள் சொல்லவேண்டாம். 2004 டிசம்பருக்குப் பிறகு கடலைப் பார்க்கவே ஆட்கள் பயந்த நாட்கள் இருந்தன. பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கரையில் கேட்டால் எங்களுக்கு நல்லதுதான். வாங்கோ, ஆனால் களப்பு கடலோடு சேரும் வாய்ப்பக்கம் இறங்கவேண்டாம். ஆழமில்லாத மாதிரிக் காட்டும், உள்ளே இழுக்கும். அங்கே எங்கள் பிள்ளைகளையே நாங்கள் விடுவதில்லை. மாரி மழைக்காலத்தில் வரவே வேண்டாம். கரையிலேயே மூன்று மணிக்குப் பிறகு தென்னை நிழல் மணலில் விழும், விடியலில் அது கிடையாது, வெயில் நேரே முகத்தில்தான். அதனால் வெள்ளென வந்து எட்டு ஒன்பது மணிக்குள் குளித்து முடியுங்கோ, இல்லாவிட்டால் பின்னேரம் வாங்கோ. மத்தியானத்தில் வருகிறவர்கள் ரவுணாட்கள்தான்.

பெயரா? அம்மம்மாவிடம் கேட்டேன். "சல்லி இல்லாத ஊருக்குச் சல்லி எண்டு பேர் வைச்சவன் ஆரெண்டு தெரிஞ்சால் நானும் கேப்பன்" என்றார்.

கணக்கு மாஸ்டர்

பிள்ளை, உங்கள் அம்மம்மாவின் விடைக்கு முழுப் புள்ளி. ஆனாலும் நாற்பது வான் பற்றிய என் கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

கரைவீட்டுக்காரி

நிற்கட்டும் சேர். நாற்பதாவது வான் வரும்போது பார்ப்போம்.

அண்ணா, மஞ்சள் டியூப், வாத்துத் தலை, ஒரு கண் அழிந்தது, உங்களுடையதா? அடுத்த நாள் விடிய வள்ளத்தில் போனவர்கள் வெளியே கண்டு எடுத்து வந்தார்கள். ஆள் யாரும் விழுந்துவிட்டார்களோ என்று அந்தச் சுற்றில் அரை மணி நேரம் தேடியிருக்கிறார்கள். இப்போது எங்கள் கோழிக்கூட்டுக்கு மேலே கிடக்கிறது.

ஓலைத்தொப்பி

எங்களுடையதுதான். அரை மணி நேரமா தேடினார்கள்? மன்னிக்கவேண்டும் தங்கச்சி, அது தோன்றவே இல்லை. சனிக்கிழமை விடிய வருகிறேன். யாரைக் கேட்டால் வீடு தெரியும்?

கரைவீட்டுக்காரி

கோவிலடியில் நின்று வாத்து எங்கே என்று கேளுங்கோ.